மஞ்சளாக நிற்க மறுத்த வெள்ளி

இறுதியாண்டு ஆய்வுக்கு வெள்ளி நனோத் துணிக்கைகளைத் தேர்ந்தெடுத்த அறிவாளி நான்தான். பனிக்கட்டியில் குளிரவைத்த கரைசலுக்குள் வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விட்டால் பொன்மஞ்சள் நிறம் வரும். நிறம் மாறாமல் நின்றால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அர்த்தம். நானும் என் ஆய்வுக் கூட்டாளியும் செய்ததோ தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் சாம்பலாகிவிடும். அடுப்புச் சாம்பலை நேரே கரைத்திருந்தால் இவ்வளவு சிரமம் இல்லை.

மேற்பார்வை பார்த்த யாழ்ப்பாணத்து மிஸ் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்ன இது, சட்டி கழுவின தண்ணியோ? வெள்ளிக்கிழமைக்குள்ள மஞ்சள் நிக்கவேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் மகாவலித் தண்ணி பரிசோதிக்கிற குழுவுக்குப் போங்கோ.”

கட்டுகஸ்தோட்டையில் வளர்ந்த எனக்கு மகாவலி ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்ததே போதும். புதிய இரசாயனம் கேட்டு வாங்கினேன். பனிக்கட்டியைக் கூட்டினேன். கண்டி மழையைக்கூடக் குற்றம் சாட்டினேன். அது மறுப்புத் தெரிவிக்கவில்லை. கடைசியில் கூட்டாளியிடம், “மச்சான், குடுவையெல்லாம் இன்னும் நல்லா கழுவு” என்றேன். கழுவினான். கரைசல் முன்பைவிட வேகமாகச் சாம்பலானது. இன்னும் நல்லாக் கழுவச் சொன்னேன். விஞ்ஞான முறை என்றால் சும்மாவா.

வியாழக்கிழமை கழுவுதொட்டிப் பக்கம் புளி மணந்தது. கூட்டாளி புளியையும் உப்பையும் குழைத்துக் குடுவைக்குள் தேய்த்துக்கொண்டிருந்தான். கடுகண்ணாவையில் அவன் வீட்டாருக்குப் பித்தளை விளக்குக் கடை.

“என்னடா பண்ற?”

“கடையில இப்படித்தான் தேய்ப்போம். நீதானே நல்லா கழுவச் சொன்ன? நேத்து உப்பு ஒரு கை கூடவே போட்டேன்.”

“அப்புறம் எதால அலசுற?”

“வடிச்ச தண்ணி ஆளுக்கு ஒரு போத்தல்தானே தர்றாங்க. ஒரு சுத்து சுத்தி ஊத்திருவேன்.”

அந்தப் பளபளப்பான குடுவையில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டேன். பால்போல வெளுத்தது. உப்பிலுள்ள குளோரைட்டைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. சரியாக அலசாமல் மிஞ்சிய அந்த உப்புதான் துணிக்கைகளை ஒட்டவைத்திருக்கிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷனில், ‘இதுகூடத் தெரியாதா’ என்று நான் அதட்டும் அதே சோதனை.

அலச நீர் வேண்டுமே. மகாவலிக் குழுவிடம்தான் மிச்சம் இருந்தது. அதிலிருந்த, மடவளையிலிருந்து வரும் பிள்ளை கேனை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“எடுங்க. எப்படியும் எங்க குழுவுக்குத்தானே வரப்போறீங்க.”

புளியையும் உப்பையும் ஒதுக்கிவிட்டு, எல்லாக் குடுவைகளையும் கேன் காலியாகும்வரை அலசினோம். வெள்ளிக்கிழமை மஞ்சள் வந்தது. மிஸ் வேண்டுமென்றே தேநீர் குடிக்கப் போய்விட்டு ஆறுதலாகத் திரும்பினார்.

“ஓம், நிக்குது. திங்கக்கிழமையும் நிண்டா நம்புறன்.”

திங்கட்கிழமையும் நின்றது. மிஸ் தலையசைத்துவிட்டுப் போனார். கூட்டாளி மட்டும் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எல்லாம் சரி மச்சான். ஆனா புளி போடாம கண்ணாடி மங்கலா இருக்கே.”