காட்டேரியும் டைப்பிஸ்ட் அக்காவும்

எங்கள் பக்கத்தில் கர்ப்பிணி வெளுத்துப்போனால் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். டாக்டர் சொல்வது இரும்புச் சத்துக் குறைவு. மாமியார் சொல்வது ரத்தக் காட்டேரி. எண்பதுகளின் நடுவில் எனக்கு இரண்டுமே இருப்பதாக முடிவாகியிருந்தது. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போய் வந்தேன். பெண்கள் பெட்டியில் என் பக்கத்து இடம் டைப்பிஸ்ட் அக்காவுடையது. வீடு எங்களுக்கு அடுத்த தெரு, வேலை என் அலுவலகத்துக்கு எதிர் அலுவலகம். தப்பிக்க வழியே இல்லை. ரயில் நகர்ந்ததும் ஆரம்பிப்பாள். மயிலம் வரைக்கும் ஓரகத்தி. பேரணி வரைக்கும் வீட்டுக்காரர். விக்கிரவாண்டியில் அழுகை. முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை வந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுப்பாள். விழுப்புரத்தில் தளதளவென்று இறங்கிப் போவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன்.

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் குடித்தார். ஓரகத்தி சாடை பேசினாள். ஆனால் நான் ஏதாவது யோசனை சொன்னால், "அதெல்லாம் பண்ணிப் பாத்தாச்சி" என்பாள். மறுநாள் மயிலம் வரைக்கும் அதே ஓரகத்தி. ஒருநாள் தாங்க முடியாமல், "அக்கா, எனக்குத் தலை சுத்துது" என்றேன்.

"உனக்காவது தலைதான் சுத்துது" என்றாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

முந்தின வருடம் எனக்கு ஆறாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. இது ஐந்தாம் மாதம். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் இதையும் காப்பாற்றுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் உள்ளே போயின. ரத்தம் மட்டும் ஏறவில்லை. நான் நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். குளியலறையில் ஒவ்வொரு தடவையும் புடவையைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

"மருந்து இன்னா பண்ணும்? நீ ஊறவெக்கிற ரத்தத்த அவ குடிச்சிக்கினு இருக்கா" என்றார் மாமியார்.

சின்ன வயதில் டென்ட் கொட்டகையில் ஒரு வெள்ளைக்கார ரத்தக்குடியனைப் பார்த்திருக்கிறேன். கோட்டு போட்டுக்கொண்டு, நீளப் பல்லோடு, வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பான். எங்கள் காட்டேரி அவ்வளவு மரியாதை தெரிந்தவள் அல்ல. பல்லும் கிடையாது, கோட்டும் கிடையாது. வயிற்றுப்பிள்ளைக்காரி எங்கே இருக்கிறாள் என்று மோப்பம் பிடித்து வந்து உட்கார்ந்துகொள்வாள். வயிறாரச் சாப்பாடு போட்டு, வந்த வழியே அனுப்பிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் காட்டேரி படையல்.

எங்கள் வீட்டு முறைப்படி, ஏரிக்கரையில் உச்சி வேளையில் பெண்கள் மட்டும் போய்ச் சமைக்க வேண்டும். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, முட்டை. படைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும்; ஒரு பருக்கைகூட வீட்டுக்கு வரக்கூடாது. கர்ப்பிணி வீடு திரும்பும் வரை வாயைத் திறக்கக்கூடாது, வரும் வழியில் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது. மொத்தம் ஏழு பெண்கள் இருக்க வேண்டும்.

படையலன்று காலையில் பார்த்து என் நாத்தனார் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். ஒரு தலை குறைந்தது. மாமியார் யாரிடமும் கேட்காமல் அடுத்த தெருவுக்குப் போய் டைப்பிஸ்ட் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காட்டேரியை விரட்டும் படையலுக்குக் காட்டேரியையே நேரில் போய் அழைத்தாயிற்று. நானோ வாயைத் திறக்கக்கூடாது.

அக்காவுக்கு அப்படிப்பட்ட ஒரு நாள் அதற்கு முன் வாய்த்திருக்காது. அடுப்பு மூட்டியதிலிருந்து பேசினாள். களி கிண்டும்போது பேசினாள். நான் 'உம்' கொட்டக்கூட முடியாது என்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. மூன்று உருண்டை களி சாப்பிட்டாள். திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே ஓரகத்தி கதையைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது. ஏரிக்கரை முழுக்க அந்த அழுகை என் பின்னால் வந்தது, நான் பாட்டுக்கு நடந்தேன். பரம சுகமாக இருந்தது. ஒருத்தி அழும்போது திரும்பாமல் போனாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு இருபத்தாறு வயதில் தெரியவந்தது.

மறுநாளிலிருந்து பொதுப் பெட்டியில் ஏறினேன். அக்காவிடம், பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தின் கோடியில் நிற்கிறது, அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரை என்றார், மாமியார் படையல் என்றார். நான் பொதுப் பெட்டியில் கூட வந்த ஆபீஸ்காரர்களிடம் உண்மையான காரணத்தைச் சொன்னேன். ஓரகத்தி, பவுடர் டப்பா, மூன்று உருண்டை களி எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட்டேரி என்ற பெயர் அன்றே அவளுக்கு நிலைத்துவிட்டது. சீசன் டிக்கெட்காரர்களிடம் ஒரு பெயர் பெட்டிக்குப் பெட்டி தாவ இரண்டு ஸ்டேஷன் போதும்.

பிரசவம் விழுப்புரத்தில். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. எனக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. உடனே ஒரு பாட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் கணவருடைய குரூப் சேரவில்லை. பெரிய கொழுந்தனார் தனக்குக் காமாலை வந்த உடம்பு என்றார். சின்னவர் டீ வாங்கி வருவதாகப் போனார். அந்த டீ இன்னும் வரவில்லை. கணவர் என் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கேயும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்களாம். எதிர் அலுவலக வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நின்ற அக்கா, "இன்னா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே குரூப். கொடுத்துவிட்டு ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸைக் குடித்து முடித்து, நேராக என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேல் அவளுடைய பாட்டில் தொங்கியது. அவள் ஆரம்பித்தாள். அவள் குரல் கேட்கிற வரைக்கும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் கேட்டேன். ஓரகத்தி வந்தாள், வீட்டுக்காரர் வந்தார். பிறகு நிறுத்தினாள்.

"டிரெயின்ல எனக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க, தெரியுமா உனக்கு? காட்டேரியாம். நேத்துதான் காதுல வுழுந்துது. ராத்திரிலாம் தூக்கமே இல்ல. நான் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? நீ பொதுப் பெட்டில வந்தவளாச்சே. யார் வெச்சதுன்னு தெரியுமா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அத்தனை வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

"தெரியலக்கா" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும் பாவம்" என்று சொல்லி, ஊசி குத்தியிருந்த என் கை அசையாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டாள். பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.