முந்நூற்றெண்பது மீற்றர்

போன கிழமை இங்கே கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் வீதியில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி தெரிவுசெய்துகொண்டு நின்றேன். நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கும் அன்ரி ஒருவர் மறித்தார்.

"பிள்ளை, உம்மட மனிசன் மான் சுடப் போறவராமே. உண்மையோ?"

"ஓம் அன்ரி."

"நீரும் போறனீரோ?"

"ஒருக்காப் போனனான்," என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான்தான் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் பத்மன், வேலைத்தலத்தில் ஒரு வெள்ளைக்கார நண்பரிடம் வேட்டை பழகியவர். லைசென்ஸ், வேட்டைத் துவக்கு எல்லாம் முறைப்படி எடுத்தவர். பத்து வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் மூன்று மணித்தியாலம் வடக்கே காரோட்டி ஹாலிபர்ட்டன் மலைக்காடுகளுக்குப் போய்விடுவார். நண்பர் ஓய்வுபெற்று வேறு மாகாணத்துக்குப் போன பிறகு, தனியாக.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை... பிள்ளைகள் வீட்டில் இருந்தவரை. மகள் வன்கூவருக்கும் மகன் ஒட்டாவாவுக்கும் போன பின்புதான் கவனித்தேன் — நாங்கள் இருவரும் ஒரு நாளில் பேசுவது பத்து வசனம்கூட இல்லை. சண்டை இல்லை. கோபமும் இல்லை. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் கதைக்க வேண்டுமே?

போன நவம்பரில் அவர் பையை அடுக்கும்போது கேட்டேன்: "நானும் வரட்டோ?"

நிமிர்ந்து பார்த்தார். "குளிரும்."

"பரவாயில்லை."

அடுத்த நாள் விடியும்போது, மகனின் பழைய வின்ரர் ஜக்கெற்றுக்கு மேலே அவர் தந்த செம்மஞ்சள் அங்கியையும் போட்டுக்கொண்டு — மற்ற வேட்டைக்காரர் மானென்று நினைத்துச் சுட்டுவிடாதிருக்க — ஒரு மலைமுகட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே பள்ளத்தாக்கு. அதற்கப்பால் இலையுதிர்ந்த இன்னொரு மலைச்சரிவு. ஐந்து மணித்தியாலம். கதைக்கக் கூடாது, இருமக் கூடாது. பிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றி, சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளினார். வீட்டில் இருக்கும் அதே மௌனம்தான். ஆனால் இங்கே அதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

மதியம் தாண்டி, எதிர்ச்சரிவில் ஓர் ஆண் மான் வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "முந்நூற்றெண்பது மீற்றர்."

"கிட்டவோ, தூரமோ?"

படுத்து, துவக்கைப் பையின் மேல் தாங்க வைத்து, நெடுநேரம் ஸ்கோப்பினூடாகப் பார்த்தார். சுட்டார்.

மான் துள்ளியது. விழவில்லை. மரங்களுக்குள் மெதுவாக நடந்து மறைந்தது.

அவருடைய முகம் வெளிறிவிட்டது. "சரியான இடத்திலை படேல்லை."

உடனே பின்னால் போனால் காயத்தோடு இன்னும் தூரம் ஓடுமாம். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு பள்ளத்தில் இறங்கி, ஓடை கடந்து, அந்தச் சரிவில் ஏறினோம். சருகில் கருஞ்சிவப்பாய் ஒரு துளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கடைசியாகக் கண்ட துளியின் பக்கத்தில் நான் அசையாமல் நிற்க, அவர் குனிந்து அடுத்ததைத் தேடுவார். கண்டதும் கூப்பிடுவார், நான் போவேன். இப்படியே இரண்டு மணித்தியாலம்.

நடுவில், குனிந்தபடியே சொன்னார்: "இருநூறுக்கு மேலை நான் ஒருநாளும் சுட்டதில்லை."

"பிறகேன் சுட்டனீங்கள்?"

"நீர் முதல்தரம் வந்தனீர்... இவ்வளவு நேரம் குளிரிலை இருத்திவைச்சிட்டு, ஒண்டும் இல்லாமல் கூட்டிக்கொண்டு போறதோ எண்டு..."

நான் மானுக்காக வரவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது கண்டோம். இலையுதிராத சீடார் மரங்களுக்கு நடுவே படுத்திருந்தது. உயிர் இருந்தது. எங்களைக் கண்டு தலையைத் தூக்கியது, எழும்ப முடியவில்லை. மூச்சு புகையாய் வந்துகொண்டிருந்தது. கண் இமைகளில் எவ்வளவு நீள மயிர்...

"அங்காலை திரும்பும்," என்றார்.

நான் திரும்பவில்லை. அவரைத் தனியே விட மனம் வரவில்லை.

இரண்டாவது வெடியோடு முடிந்தது. அவர் முழந்தாளிட்டு, மானின் கழுத்தில் கைவைத்தபடி இருந்தார். தோள்கள் குலுங்கின. இருபத்தெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தரம். பக்கத்தில் போய் நின்றேன். தொடுவதா, விடுவதா? தெரியவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

அங்கேயே குடலை நீக்கி, கொம்பில் கயிறு கட்டி, இருவருமாய் இழுத்து வந்தோம். வழியெல்லாம் கதைத்தோம். "மெல்ல." "இந்தப் பக்கம்." "கால் கவனம்." "களைச்சிட்டீரோ?" எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குப் போதுமான பேச்சு. காரில் ஏறியதும் நின்றுவிட்டது. ஸ்காபரோ வரை ஹீற்றரின் இரைச்சல் மட்டும்.

ஒரு கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தும், மற்றவருக்கு என்ன வேண்டுமென்று கேட்பதில்லை. இதுதானாக்கும் என்று நாமே நினைத்துக்கொண்டு செய்துவிடுகிறோம். எத்தனை தரம் அது சரியாக இருந்திருக்கிறது?

இந்த வருடமும் பத்மன் புறப்பட்டார். சப்பாத்துப் போட்ட பின்னும் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றார். நானும் படியில் நின்றேன்.

"சரி... வாறன்," என்றார்.

"கவனம்," என்றேன்.

கேட்டிருந்தால் போயிருப்பேன்.