மரை போனால் கார்குழலி

உழவர்கரையில் கார்குழலியின் பட்டறைக்கு நல்ல சேதியோடு யாரும் போவதில்லை. போல்ட்டை இறுக்கி இறுக்கி அது பற்றி நிற்கும் சுற்றுவரியான மரையைக் கெடுத்தவர்கள்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். போன மாதம் நானும் போனேன்.

என் மனைவி ஹேமலதாவின் அண்ணன் அருள்முருகன் பிரான்சில் இருக்கிறார். வருடம் ஒருமுறை வருவார். மூன்று வருடம் முன்பு புதிதாக வாங்கிய காரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். மறுநாள் காலை அதே காரில் போய்ச் சென்னை விமான நிலையத்தில் அவரை அழைத்து வர வேண்டும். "மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மனிதர். அவர் வாயை அடைக்கலாமென்று, செல்போனில் வீடியோ பார்த்து நானே ஸ்பார்க் பிளக் மாற்றினேன். நாலாவது பிளக் சுற்றச் சுற்ற இறுகவே இல்லை. கழற்றினால், கூடவே ஒரு கம்பிச்சுருளையும் இழுத்துக்கொண்டு வந்தது. காரை டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கார்குழலி மில் தொழிலாளியின் மகள். அந்த வருடம் ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலையான டர்னர் படித்த ஒரே பெண். "லேத்துல பொம்பளையா?" என்று கம்பெனிகள் கைவிரிக்க, சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கெடுத்தவர் தன் வாயால் சொல்லாமல் வேலையில் கைவைக்க மாட்டார்.

"யாரு சார் பண்ணது?"

"உப்பளத்துல ஒரு மெக்கானிக்."

"அப்ப அவர இட்டுகினு வாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

"நான்தாங்க."

"மொதல்ல கையால சுத்தினீங்களா, எடுத்ததுமே ஸ்பானரா?"

"ஸ்பானர்தான்."

"அதான் கோணலா ஏறி மொத்தமா பேத்துடுச்சு. இத மறைச்சா நான் எத்த நம்பி வேல செய்யறது?"

சீப்பு மாதிரியான கேஜைப் புது பிளக்கின் மரையில் பதித்து வெளிச்சத்தில் பார்த்தார். "பதினாலு எம்எம், ஒண்ணேகால் பிட்ச்" என்று மரையின் அளவைச் சொன்னார். உலோகச் சீவல் எஞ்சினுக்குள் விழாமலிருக்க டேப் என்ற வெட்டுக்கருவியில் கிரீஸ் தடவி, துளையைப் பெரிதாக்கி மரை வெட்டினார். உள்ளே அதே பதினாலு எம்எம் மரை கொண்ட, குட்டிக் குழல் மாதிரியான இரும்பு புஷ்ஷை அதில் இறக்கினார். பிளக்கை என்னையே கையால் சுற்றச் சொன்னார். கோணாமல் உள்ளே இறங்கி இறுகியது. அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது.

"இந்தச் சுருள் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"அது நான் போட்டது சார். ரெண்டு வருசம் முன்ன, இந்த வண்டி இதே ஓட்டைல மரை போய் வந்தப்ப, போன மரைக்குப் பதிலா."

"யாரு கொண்டாந்தாங்க?"

"அத சொல்றதில்ல. உங்களதையும் சொல்ல மாட்டேன்."

என்னை விட்டால் அந்தக் காரைத் தொட இன்னொருவர்தானே இருக்கிறார்? வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் விமான நிலையத்தில் மச்சான் வெளியே வந்ததும் கேட்டார். "வண்டி எப்படி ஓடுது?"

"பிளக் மரைய நான் கெடுத்துட்டேன் மச்சான். கார்குழலிகிட்ட சரி பண்ணிட்டேன்."

மச்சான் தள்ளிவந்த பெட்டி வண்டி நின்றுவிட்டது. "அந்தம்மா எதனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே காபி வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, ஹேமாவுக்கு இது தெரிய வேணாம்."

"எது மச்சான்? உங்களதா, என்னுதா?"

"ரெண்டுந்தான் மாப்ள."