பைன் வாடை

“...ஆஸ்பத்திரித் தரையத் தொடைக்கிற வாடையில்ல அடிக்குது, தம்பி. இதையா அம்புட்டுத் தூரத்துலருந்து குடுத்துவிட்ட?” என்றார் அண்ணன். திண்டுக்கல்லில் அவர் முன்னால் வெந்நீர்ச் சட்டி. போலந்திலிருந்து வீடியோவில் நான். சட்டியில் மிதந்தது, ஊருக்குப் போன நண்பனிடம் நான் கொடுத்துவிட்ட பைன் இலை.

இங்கே தடுமன் பிடித்தால் பைனைத்தான் தேடுகிறார்கள். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு மூக்கடைத்து, மண்டை கனத்து, படுத்தால் மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் மாரெக் ஒரு பைன் கிளையை நீட்டி, “சோஸ்னா” என்று அதன் போலிஷ் பெயரைச் சொன்னார். டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ் குடிலுக்குத்தான் தருகிறார் என்று வாங்கி, குழந்தை யேசுவின் தலைமாட்டில் செருகிவைத்தேன். நம்மூர்க் கத்தோலிக்கனுக்குப் புத்தி வேறெங்கே போகும்? மறுநாள் வந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கிளையை உருவி, ஊசி ஊசியான இலைகளைக் கிள்ளி வெந்நீரில் போட்டு, என் பிடரியைப் பிடித்து ஆவிக்கு மேல் குனியவைத்தார். நாம் நொச்சி போட்டு ஆவி பிடிக்கிறோமே, அதேதான். கொஞ்ச நேரத்தில் மூக்குத் திறந்துகொண்டது. வசந்தம் வந்தால் பைன் குருத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து, இருமலுக்குப் பாகும் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மூச்சு வந்ததும் நினைப்பு அண்ணனிடம் ஓடியது. பூட்டுப் பட்டறையில் இரும்பையும் பித்தளையையும் ராவி ராவி, அந்தத் தூசியெல்லாம் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. போன நுரையீரல் திரும்பாது, மருந்தை இழுத்துக்கொண்டு காலத்தை ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நொச்சிக்கு அடங்காத இளைப்பு பைனுக்கா அடங்கப்போகிறது? எனக்கும் தெரியும். ஆனாலும் தூரத்தில் இருக்கிறவனுக்கு எதையாவது அனுப்பாமல் கை நிற்பதில்லை.

அந்த வாடை நம்மூரில் எதன் வாடை என்றுதான் நான் யோசிக்கவில்லை. இங்கே எனக்கு அது காட்டு வாசம். அங்கே அது வெள்ளை பினாயில். மதினியைச் சேர்த்திருந்த வார்டு வாசலில் அண்ணன் காத்துக் கிடந்தபோது, காலையும் மாலையும் அதை ஊற்றித்தான் தரையைத் துடைத்தார்கள். மதினி வீடு திரும்பவில்லை.

“அண்ணே, கீழ ஊத்திருங்க. வேணாம்.”

அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“ஓம் மதினி கடைசியா... இழுத்த மூச்சும்... இந்த வாடைதான். இருக்கட்டும். நீ அனுப்புனதுல்ல. செத்த நேரம் கூட இரு, அப்பு.”

சட்டிக்கு மேல் குனிந்து, போர்வையை இழுத்துத் தலையோடு மூடும்போது, போனையும் உள்ளே எடுத்துக்கொண்டார்.