இரண்டாவது சமையலறை

"பிளான்ல கிச்சனை ஸ்டோர் ரூம்னு போட்டுடலாம் மேடம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

வரைபடம் போட வந்த இன்ஜினியர் இதைச் சொன்னபோது, பெரம்பலூரில் என் வீட்டின் பின்பக்கம் நின்றிருந்தோம். வேப்பந்தட்டையில் கணவன் வீட்டை விட்டு மகளோடு வந்துவிட்ட என் தங்கைக்கு அங்கே ஒரு சிறிய வீடு கட்ட முடிவு செய்திருந்தேன்.

"வந்து பாக்கணும் சார். அதுக்குத்தான் கட்டுறேன்" என்றேன்.

அவர் விழித்தார். விளக்கினேன். கணவன் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து தங்கையின் பெயரை நீக்கியாகிவிட்டது. அவளுக்குத் தனி கார்டு கேட்டு மனு கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவர் தனி அடுப்பு இல்லை, தனிக் கதவு எண் இல்லை, அக்கா கார்டிலேயே சேர்ந்துகொள்ளட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஸ்டோர் ரூமுக்கு எந்த அலுவலகத்திலும் கதவு எண் தரமாட்டார்கள்.

"ஒரே மனையில ரெண்டு வூடுன்னா ஆபீஸ்ல..." என்று இழுத்தார்.

கட்டட விதிகளை நான் முழுவதும் படித்திருந்தேன். குடியிருப்புப் பகுதியில் இரண்டாவது வீட்டுக்குத் தடை இல்லை. சுற்றிலும் விடவேண்டிய இடத்தை விட்டால் போதும். "தடை எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க சார்" என்றேன்.

அவர் பக்கத்தைக் காட்டவில்லை. வீட்டின் பக்கவாட்டைக் காட்டினார். முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் மதிலை ஒட்டி ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். "பிளானைக் கொண்டுபோனா மொதல்ல இதுதான் மாட்டும். செட்பேக்ல, சுத்தி விடவேண்டிய எடத்துல நிக்குது."

டேப் பிடித்து அளந்தேன். அவர் சொன்னது சரி. மறுவாரமே ஆள் வைத்து இடித்தேன்.

இடிக்கும்போது சின்ன வெங்காயப் பையோடு தாய்மாமா வந்தார். தங்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி.

"நல்லா நிக்கிற ரூமை எதுக்குடி இடிக்கிற? அக்கா தங்கச்சிக்குள்ள தனி அடுப்பு வச்சா ஊரு என்ன சொல்லும்?"

"ரெண்டு வூட்லயும் காபி கெடைக்குதுன்னு சொல்லும் மாமா."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வூடு கட்டிக் குடுத்தா அவ எப்படிப் புருஷன்கிட்ட போவா?"

"போகமாட்டா. கரிசல் மண்ணுங்கிறதால அஸ்திவாரத்தைக்கூட நல்லா ஆழமாப் போடச் சொல்லியிருக்கேன்."

நகராட்சி அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்தவர், "ஒரு குடும்பத்துக்கு எதுக்கும்மா ரெண்டு கிச்சன்?" என்றார். "ரெண்டு குடும்பம் சார்" என்றேன். ஒரு முறை திருத்தம் கேட்டுத் திருப்பினார்கள். திருத்திக் கொடுத்தேன். 'ஸ்டோர் ரூம்' என்று மாற்றினால் சீக்கிரம் முடியும் என்று இன்ஜினியர் அப்போதும் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்தையும் மாற்றவிடவில்லை. அனுமதி வந்தது, வீடு எழுந்தது, வரி போட்டு அதற்கென்று ஒரு கதவு எண்ணும் தந்தார்கள். தங்கை மறுபடி மனு கொடுத்தாள்.

விசாரணைக்கு வேறோர் அதிகாரி வந்தார். அன்று மாமாவும் வந்து தங்கையின் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சமையலறையை எட்டிப் பார்த்தார். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா வூட்லயே சாப்பிட்டுக்கலாமேம்மா?"

"அக்கா ரசத்துல உப்பே இருக்காது சார்."

அவர் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமா பேச்சில் நுழைந்தார். "எல்லாம் ஒரே குடும்பந்தான் சார். கொஞ்ச நாள்ல புருஷன் வூட்டுக்குப் போயிடுவா."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் கை நின்றது. நான் வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"மாமா, நீங்க உக்காந்திருக்கது என் வூடு. நான் எங்கயும் போகல. ரசம் ஊத்தட்டுமா, வேணாமா?"

அதிகாரி குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டார். தங்கை தன் பெயரைச் சொன்னாள். எழுத்துப்பிழை வந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும் என்று, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.