மெலியும் மாத்திரையும் மீசைப் புரளியும்

அவளுக்கு வந்திருந்ததை வெளியே நரம்புத் தளர்ச்சி என்றுதான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அவளிடம் தளர்ந்த நரம்பு ஒன்றுகூடக் கிடையாது. தில்லியில், கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் பிளாக்கில், மாடியில் இருந்தாள். ஊர் திருநெல்வேலிப் பக்கம், நான் கும்பகோணம். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீசில் டைப் அடிக்கிற வேலை, ஒரே சார்ட்டர்ட் பஸ், ஒரே மாதிரி வாய். சிநேகம் பிடிக்க அது போதாதா?

அவள் கணவருக்குக் கணக்குத் தணிக்கை வேலை. வருஷத்தில் பாதி டூர், மீதி டூர் போய்வந்த களைப்பு. நல்ல மனுஷர்தான், வீட்டில் இருந்தால்.

டாக்டர் சொன்ன பெயர் மேனிக் டிப்ரஷன். இப்போது பைபோலார், இரு துருவம் என்கிறார்கள். பூகோளப் பாடம் மாதிரி இருக்கிறது. மனசு மேலே போனால் அவள் நாலு வீட்டுக்கு மாவரைத்துக் கொடுப்பாள். பஸ் கண்டக்டரோடு ஹிந்தியில் சண்டை போட்டு ஜெயிப்பாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு பிளாக் முழுவதையும் கூப்பிட்டுவிட்டு அரிசி வாங்க மறந்துபோவாள். கீழே இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். முதல் தடவை அப்படிப் படுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. என்ன செய்துகொள்ளப் பார்த்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. பிழைத்தாள், அவ்வளவுதான்.

லித்தியம் மாத்திரை அவளைத் தரையில் நிற்கவைத்தது. கூடவே இடுப்பைச் சுற்றிக் கொஞ்சம் சதையும் போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் நம் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது, பூசினாப்ல இருக்கிறாய் என்றார்கள். நம்மிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அவளோ ஒவ்வொரு 'பூசினாப்ல'வையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நின்று சரிபார்த்தாள்.

தீபாவளி கழிந்ததும் இளைக்க ஆரம்பித்தாள். சோற்றை விட்டுவிட்டேன் என்றாள். நடையில் வேகம் வந்தது, பேச்சில் அதைவிட வேகம். என்ன சுறுசுறுப்பு, என்ன சுறுசுறுப்பு என்று காலனியே மூக்கில் விரலை வைத்தது. எனக்கு மட்டும் அவள் பழையபடி மேலே போகிறாள் என்று பட்டது.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் அவளுடைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போனோம். தையற்காரன் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, மாத்திரை ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். பாட்டிலை என் பக்கம் நீட்டினாள்.

"நீயும் ஒண்ணு போடேன்ட்டி. பசியே எடுக்காது."

என் இடுப்பு அப்போது இருந்த லட்சணத்தில், பொய் சொல்வானேன், கை தானாக நீண்டுவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்து, எந்த டாக்டர் கொடுத்தார் என்று கேட்டேன். டாக்டராவது ஒன்றாவது. மருந்துக்கடைக்காரர் கொடுத்தாராம். அந்த மனுஷரை எனக்குத் தெரியும். கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற சரீரம். மெலிகிற மாத்திரையை அவரிடம் போய் வாங்கியிருக்கிறாள்.

கணவர் வழக்கம்போல டூர். அவளைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றாள். ஆகவே அன்று அவள் கொடுத்த மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நானே டாக்டரிடம் போனேன். அவர் பெங்காலி, சிரிக்கவே மாட்டார். மாத்திரையைப் பார்த்ததும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். நான் கட்டிப்போடப் பார்க்கிறேன், இது அவிழ்த்துவிடுகிறது என்றார். இது இருதயத்தையும் விரட்டும், மூளையையும் விரட்டுமாம். அவருடைய பயம் அவள் மேலே போவதைப் பற்றி இல்லை, இறங்குவதைப் பற்றி. இந்தத் தடவை விழுந்தால் பிழைப்பாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, உட்காரத் தோன்றவில்லை.

இதற்குள் காலனியில் நாலைந்து பேருக்கு விஷயம் தெரிந்து, தங்களுக்கும் அந்த மாத்திரை வேண்டும் என்று அவளிடமே சொல்லிவைத்திருந்தார்கள். அவளும் ஏஜென்சி எடுத்தவள் மாதிரி வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுடைய நோயைச் சொல்லாமல் அவர்களை எப்படித் தடுப்பது? புளுகினேன். அதைச் சாப்பிட்டால் பெண்களுக்கு மீசை முளைக்கும், எனக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபிப் பெண் தினம் ஷேவ் செய்துகொண்டு ஆபீஸ் போகிறாள் என்று ஒரே ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு சொன்னேன். அந்தச் செய்தி கோல் மார்க்கெட் வரை போய் இரண்டே நாளில் என்னிடமே திரும்பி வந்தது. வரும்போது தாடியும் சேர்ந்திருந்தது.

கடைக்காரரிடமும் போய்ச் சண்டை போட்டேன். என் ஹிந்தியில் ஆணும் பெண்ணும் எப்போதும் இடம் மாறித்தான் நிற்பார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, 'அச்சா பெஹன்ஜி', சரி அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். மொத்தத்தில் மாத்திரையைக் கைவிட்டவர்கள் அதைச் சாப்பிடவே சாப்பிடாதவர்கள்தான். அவள் மேலுதட்டைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்கால வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். குண்டாக இருந்தால் குடியா முழுகிப்போயிற்று என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "மெலியணும்னு தின்னேன்னா நினைச்ச? முதல்ல அதுக்குத்தான் தின்னேன். பொறவு பாத்தா, இத ஒண்ணு போட்டா நானே திரும்பி வந்துருதேன்ட்டி. அந்த லித்தியத்துல நான் எங்க இருந்தேன்?"

நான் இன்னொரு கடலையை உரித்தேன். அவள் விடவில்லை.

"நெசத்தச் சொல்லு. உனக்கு எவளப் பிடிக்கும்? என்னையா, அந்த ஊமையையா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இவளைத்தான் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? செக்ஷன் ஆபீசர் மாதிரி நடந்து காட்டி என்னைச் சிரிக்கவைத்தவள் இவள். லித்தியம் சாப்பிட்டவளோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள். அவளோடு எனக்கு அலுப்பாகக்கூட இருந்திருக்கிறது.

"எனக்கு உயிரோட இருக்கறவளைப் பிடிக்கும்" என்றேன். "வேற ஒரு கண்டிஷனும் இல்லை."

கையிலிருந்த கடலையை என் முகத்தில் வீசிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில், அத்தனை பேர் முன்னால், பாட்டிலை என் கையில் திணித்தாள். "கொண்டுபோயி உன் மீசையில தேச்சுக்க" என்றாள். அன்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, இருவரும் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சொன்னபடியே இறங்கினாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள். கணவர் டூரை ரத்து செய்துவிட்டு வந்து, சமைக்கத் தெரியாமல் சமைத்தார். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் நான் மாடியேறிப் போவேன். ஒரு கையில் லித்தியம், ஒரு கையில் தண்ணீர். மாத்திரையை ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவார்கள், வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "நாக்கை நீட்டு" என்பேன், போலீஸ்காரி குரலில். கண் சுவரிலேயே இருக்க, நாக்கு மட்டும் வெளியே வந்து உள்ளே போகும். அந்தக் குளிர்காலம் முழுக்கப் படியேறும்போதெல்லாம், மேலே என்ன பார்க்கப்போகிறோமோ என்று பயந்துகொண்டேதான் போவேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

குளிர் குறைந்து போர்வை மெல்லிதாகிவிட்டிருந்த ஒரு காலையில், வழக்கம்போல நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை ஒன்றரையாக வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, எனக்குப் பழிப்புக் காட்டினாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானும் நாக்கை நீட்டினேன். கீழே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. காபியோடு கதவருகே வந்த அவள் கணவர், இரண்டு சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து, இன்னொரு காபி கலக்க உள்ளே போனார்.