வேன் ஏறாத வருஷங்கள்

காலை ஏழே காலுக்கு எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் அடிக்கும் ஹாரன் சத்தம் எனக்கு இட்லி வாசனையோடு சேர்ந்தேதான் நினைவில் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதுமே என் தம்பி முகிலன் வாயிலிருந்த இட்லியைத் தட்டில் துப்பிவிட்டு, "வயிறு வலிக்குது" என்று சுருண்டு படுத்துக்கொள்வான். அவனுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அப்பா நெல் சாகுபடி செய்தார். அம்மா நாங்கள் படித்த பள்ளியிலேயே கணக்கு டீச்சர்.

முகிலனுக்குத் திக்குவாய். ஒருநாள் இரண்டாம் வகுப்பைத் தாண்டிப் போன அம்மா, பாடத்தைச் சத்தமாக வாசிக்க முடியாததற்காக அவன் வராந்தாவில் முட்டி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் என் வகுப்பு வாசலுக்கு வந்து, "பையை எடுத்துக்கிட்டு வா" என்றாள். தன் வேலையை ராஜினாமா செய்வதாகவும் அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"இனிமே ரெண்டு பேரும் வீட்டுலயே படிக்கட்டுங்க. நான் சொல்லித் தரேன்" என்று அவள் சொன்னபோது அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். விஷயம் மயிலாடுதுறையிலிருந்த அத்தைக்குப் போனதும், அப்பாவின் அக்காவான அவள் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"என்னைய எட்டாவதோட நிறுத்துனப்ப ஒரு வாரம் சோறு திங்காம கெடந்தேன். நீங்க என்னடான்னா போற புள்ளைங்கள நிறுத்துறீங்க!" என்று கத்தியவள், கத்திக்கொண்டே அழுதாள்.

கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். பொங்கல் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் தம்பிக்கு வாசிக்க வராவிட்டால் இருவரும் திரும்பப் பள்ளிக்கூடம். சோதித்துப் பார்ப்பது அத்தை.

அந்த மாதங்களில் சிரித்ததைப் போல நான் எப்போதும் சிரித்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று காகிதக் கப்பல் விட்டு, ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்குப் போக எத்தனை நொடி என்று எண்ணி வேகம் கண்டுபிடித்தோம். பாதி வழியில் கப்பல் ஓர் எருமை மேல் முட்டி நின்றுவிட, அம்மா அதையும் ஒரு கணக்காக மாற்றிக் கொடுத்தாள். நடவுக்கு வந்த அக்காக்கள், "முடி" என்ற நாற்றுக்கட்டுக்கு எத்தனை நாற்று என்று பிரித்துப் பிரித்து எண்ணிய முகிலனை "கணக்குப்புள்ள" என்று கேலி செய்தார்கள்.

ஒரு மழைநாளில் பொழுது போகாமல் நானும் அவனும் செய்தித்தாளைச் சேர்ந்தாற்போல் உரக்க வாசித்தோம். அவன் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அரிசி களைந்த கையோடு வந்து நின்ற அம்மா, "நிறுத்தாதீங்க, படிங்க" என்றாள். அதிலிருந்து தினமும் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக வாசித்தோம், அப்பா மட்டும் எப்போதும் ஒரு வார்த்தை பின்தங்கி. தனியாக வாசித்தால் மட்டும் தம்பிக்கு மாட்டிக்கொள்ளும்.

பொங்கல் கழிந்து காணும் பொங்கலன்று அத்தை வந்தாள். சாப்பாடு முடிந்ததும் பேப்பரை நீட்டி, "படி" என்றாள். வானிலைச் செய்தி. "வ… வ…" என்று நின்றான் முகிலன். கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாயெடுக்கப் போனேன். அப்பா கண்ணாலேயே தடுத்தார். ஆனால் அத்தையால் தாங்க முடியவில்லை. அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "வங்கக்கடலில்…" என்று தானே ஆரம்பித்தாள். அவன் சேர்ந்துகொண்டான். நாலு வரி போனதும், பொடி எழுத்து தெரியாமலோ என்னவோ, அத்தை நின்றுவிட்டாள். அவன் நிற்கவில்லை. மீனவர்களுக்கான எச்சரிக்கை வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பக்கத்தையும் படிடா" என்றாள்.

அன்று ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அவள் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது: "எனக்கும் சொல்லித் தருவியா?"

நாலு வருஷம், வாரம் தவறாமல் சனிக்கிழமைகளில் வந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வை நானும் அத்தையும் தனித்தேர்வர்களாக ஒரே மையத்தில் எழுதினோம். முதல் நாள், "கூட வந்தவங்கல்லாம் வெளிய நில்லுங்கம்மா" என்ற காவலரிடம் ஹால் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "பரீச்சையே எனக்குத்தாங்க" என்றாள்.

ஒரத்தநாட்டில் படித்த முகிலன் இன்று கால்நடை மருத்துவர். முதல் எழுத்து இன்னமும் சில சமயம் அவனிடம் முரண்டு பிடிக்கும்; அவன் அவசரப்படாமல் காத்திருப்பான், மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் காத்திருப்பார்கள். நாங்கள் படித்த அறையில் இப்போது உர மூட்டைகள். செய்தியை அவரவர் கைப்பேசியில் அவரவர் மௌனமாகப் பார்த்துக்கொள்கிறோம்.

அத்தை வீட்டுக் கூடத்தில் மட்டும் அவளுடைய மதிப்பெண் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கணக்கில் முப்பத்தெட்டு. யாராவது அதை உற்றுப் பார்த்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: "பாஸுக்கு முப்பத்தஞ்சுதாங்க. நான் மூணு கூடவே எடுத்திருக்கேன்!"